முதுகுத்தண்டில் அடிபட்டால்: ஸ்டீராய்டு ஊசி பற்றித் தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



தென்னை மரம் ஏறுகிறவர் கால் வழுக்கி விழுகிறார். கிணற்றில் தூர் எடுக்க இறங்கியவர் கயிறு அறுந்து விழுகிறார். கட்டட வேலைக்குப் போனவர் சாரம் சரிந்து விழுகிறார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன பெண், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது தூக்கி எறியப்படுகிறாள். பலருக்கு இது கை கால் காயத்தோடு போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் அடி முதுகுத்தண்டில் பட்டுவிடுகிறது. கால் அசைவதில்லை. தொட்டால் தெரிவதில்லை. சிறுநீர், மலம் போவதும் தெரிவதில்லை.

அந்த நேரத்தில் வீட்டாரிடம் யாராவது ஒருவர் வந்து சொல்லுவார்: "எட்டு மணி நேரத்துக்குள்ள போடுற ஊசி ஒண்ணு இருக்காம். போட்டா கால் வந்திடுமாம். இங்க போட மாட்டேங்கிறாங்க. வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்." உடனே தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அரைக் காணி நிலத்துக்கு விலை பேசுகிறார்கள். நேரம் தாண்டிவிட்டால், "அந்த ஊசிய நான்தான் போட வைக்காம விட்டுட்டேன்" என்று மனைவி ஆயுசு முழுக்கத் தன்னையே நொந்துகொள்கிறாள்.

அது என்ன ஊசி, அது என்ன செய்யும், என்ன செய்யாது, அதைவிட முக்கியமாகக் குடும்பத்தார் கையில் இருப்பது எது என்று இந்தப் பிரசுரத்தில் விளக்கிச் சொல்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்கு அடிபட்டால் முடிவு எடுக்க வேண்டியவர் மற்றவர்தான்.

தண்டுவடம் என்பது என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்கும் கீழே சில என்று பல எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு எலும்பிலும் பின்பக்கம் ஒரு வளையம் உண்டு. அந்த வளையங்கள் சேர்ந்து ஒரு குழாய் போல் ஆகின்றன. அதற்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். சுண்டுவிரல் கனம், சுமார் 45 செ.மீ. நீளம் இருக்கும். மூளையின் கட்டளை இதன் வழியாகத்தான் கை கால்களுக்குப் போகிறது. சூடு, குளிர், வலி எல்லாம் இதன் வழியாகத்தான் மூளைக்கு வருகின்றன.

கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கப்படும். மூச்சு விடுவதும் சிரமமாகலாம். முதுகிலோ இடுப்பிலோ அடிபட்டால் பெரும்பாலும் கால்கள் பாதிக்கப்படும்.

கை எலும்பு உடைந்தால் மாவுக்கட்டு போட்டுக் கூட வைக்கிறோம். தோல் கிழிந்தால் புதுத் தோல் வளர்கிறது. தண்டுவட நரம்பு அப்படி வளர்ந்து கூடுவதில்லை. அதனால்தான் இந்தக் காயம் இவ்வளவு கொடியது.

அடி இரண்டு முறை விழுகிறது

விழுந்த நொடியில் எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்குகிறது. இது முதல் அடி. இதை எந்த மருந்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

அடுத்த சில மணி நேரத்தில் இருந்து சில நாள் வரை, அடிபட்ட இடத்தில் வீக்கம் வருகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. பக்கத்தில் நன்றாக இருந்த நரம்புகளும் பிராணவாயு கிடைக்காமல் கெடுகின்றன. இது இரண்டாவது அடி. பக்குவம் தெரியாமல் தூக்கினால், உடைந்த எலும்பு மேலும் நகர்ந்து நரம்பை இன்னும் நசுக்கிவிடும். டாக்டர்கள் செய்யும் முதல் கட்ட வைத்தியம் எல்லாம் இந்த இரண்டாவது அடியைக் குறைப்பதற்காகத்தான். ஸ்டீராய்டு ஊசியும் இந்த எண்ணத்தில்தான் வந்தது.

ஸ்டீராய்டு என்றால் என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் சிறு சுரப்பி ஒவ்வொன்று இருக்கிறது. அவை சுரக்கும் ஒரு சத்துப் பொருளை ஒத்த மருந்துதான் இது. வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும். ஆஸ்துமா இழுப்பு, கடுமையான தோல் ஒவ்வாமை போன்றவற்றுக்கு டாக்டர்கள் அளவாகக் கொடுப்பது உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் சதை வளர்க்கச் சிலர் போடும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு.

தண்டுவடக் காயத்துக்குப் போட்டது மெத்தில் பிரெட்னிசலோன் என்ற மருந்து. அளவு சாதாரணம் அல்ல. 50 கிலோ எடை உள்ளவருக்கு முதல் கால் மணி நேரத்தில் 1,500 மி.கி. ஏற்றுவார்கள். பிறகு 23 மணி நேரத்துக்கு மணிக்கு 270 மி.கி. வீதம் ஏற்றுவார்கள். ஆக ஒரே நாளில் 7,700 மி.கி.க்கு மேல் ஆகிறது. இழுப்பு முற்றிய ஆஸ்துமாக்காரருக்கு இதே இனத்து மாத்திரை ஒரு நாளைக்கு 40 மி.கி. அளவில் கொடுப்பதே வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்பது புரியும்.

எட்டு மணி நேரக் கணக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து மூன்று பெரிய ஆராய்ச்சிகள் செய்தன. 1984-ல் வெளியான முதல் ஆராய்ச்சியில், குறைந்த அளவு போட்டவர்களுக்கும் அதிக அளவு போட்டவர்களுக்கும் குணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதிக அளவு போட்டவர்களுக்குப் புண்ணில் சீழ் வைப்பது மட்டும் கூடுதலாக இருந்தது.

1990-ல் இரண்டாவது ஆராய்ச்சி வெளிவந்தது. 487 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லோரையும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் பெரிய பலன் இல்லை. அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, தசை பலத்திலும் உணர்ச்சியிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. எட்டு மணி நேரம் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. உலகம் முழுக்க டாக்டர்கள் இந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். அதுவரை இந்தக் காயத்துக்கு மருந்தே இல்லாமல் இருந்ததால், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1997-ல் மூன்றாவது ஆராய்ச்சி. ஒரு நாள் போடுவதை இரண்டு நாளாக நீட்டிப் பார்த்தார்கள். அப்படி நீட்டியதில் கடுமையான நிமோனியாவும், இரத்தத்தில் கிருமி பரவுவதும் அதிகமாயின.

2004-ல் தலைக்காயம் பட்டவர்களிடம் நடத்திய இன்னொரு பெரிய ஆராய்ச்சி வெளியானது. 10,008 பேர் அதில் சேர்ந்தார்கள். இதே மருந்து போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு 21 பேர். போடாதவர்களில் 100-க்கு 18 பேர். உதவும் என்று நம்பிய மருந்து தலைக்காயத்தில் உயிருக்கே கேடாக இருந்தது. உயரத்திலிருந்து விழுகிறவர்களில் பலருக்கு முதுகோடு தலையிலும் அடிபட்டிருக்கும் என்பதால் இது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இதன் பிறகு டாக்டர்களின் எண்ணம் மாறியது. 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் இந்த ஊசியைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதின. 2016-ல் பிரிட்டன் நாட்டு வழிகாட்டியும், தண்டுவடத்தைக் காப்பாற்றும் நோக்கத்தில் இதைப் போட வேண்டாம் என்றது. 2017-ல் பல நாட்டு நிபுணர் குழு ஒன்று, 8 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு 24 மணி நேரம் மட்டும் போடுவதை டாக்டர் யோசிக்கலாம், 8 மணி நேரம் தாண்டியவருக்குப் போட வேண்டாம், 48 மணி நேரம் நீட்டவும் வேண்டாம் என்று சொன்னது.

இதனால்தான் ஓர் ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள், இன்னோர் ஆஸ்பத்திரியில் போடுவதில்லை. போடாத டாக்டர் அக்கறை இல்லாதவர் அல்ல. போட்ட டாக்டர் தவறு செய்தவரும் அல்ல. நோயாளியின் வயது, தலைக்காயம், சர்க்கரை, புண், நுரையீரல் நிலை எல்லாம் பார்த்து எடுக்கும் முடிவு அது.

கேள்வியும் பதிலும்

"பக்கத்து ஊர்ல ஒருத்தர் ஊசி போட்டு எழுந்து நடந்தாரே?"

நடந்திருக்கலாம். தண்டுவடம் முழுவதும் அறுபட்டாற்போல் கெட்டவர்கள் உண்டு, ஒரு பகுதி மட்டும் கெட்டவர்களும் உண்டு. ஒரு பகுதி மட்டும் கெட்டவர்களில் பலருக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வாரங்கள், மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் பலம் திரும்பும். அதை ஊசியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒருவரை வைத்து மருந்தின் பலனை அளக்க முடியாது. போட்டவர்கள், போடாதவர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

"எட்டு மணி நேரம் தாண்டிப் போச்சு. எல்லாம் போயிடுச்சா?"

இல்லை. ஊசிக்கான நேரம்தான் தாண்டியது, வைத்தியத்துக்கான நேரம் தாண்டவில்லை. இரத்த அழுத்தம் இறங்காமல் பார்ப்பது, பிராணவாயு கொடுப்பது, நரம்பை அழுத்தும் எலும்பை ஆபரேஷன் செய்து விலக்குவது ஆகியவை அதைவிட முக்கியம். ஆபரேஷன் தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்று இன்று சொல்கிறார்கள். ஆகவே மனைவியோ கணவனோ தன்னைக் குற்றவாளியாக நினைக்க வேண்டாம்.

"உள்ளூர்லயே வீக்கத்துக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போகலாமா?"

கூடாது. படிக்காதவர் கையில் போடும் ஊசியால் நேரம்தான் வீணாகும். எண்ணெய் தடவி நீவுவது, உருவி விடுவது, காலைப் பிடித்து இழுப்பது எதுவும் கூடாது. எலும்பு நகர்ந்தால் அசையும் காலும் அசையாமல் போகும்.

"டாக்டர் ஊசி போடுறேன்னு சொன்னா நாங்க என்ன கேக்கணும்?"

"தலையில அடி இருக்கா? இந்த ஊசியால இவருக்கு நன்மை அதிகமா, கெடுதல் அதிகமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். சர்க்கரை வியாதி, குடல் புண், காசநோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்பதையும் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு மலம் தார் போல் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல், சளி, மூச்சுத் திணறல் கண்டாலோ நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். நோயாளியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பார்க்க வரும் கூட்டத்தைக் குறையுங்கள். இந்த மருந்து கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

அடிபட்ட இடத்தில் செய்ய வேண்டியவை

ஊசியைவிட அதிகப் பலன் தருவது முதலில் தூக்கும் கைகள்தான். அந்தக் கைகள் டாக்டருடையவை அல்ல, உங்களுடையவை.

1. உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர், மயக்கமாக இருப்பவர், கழுத்து அல்லது முதுகு வலி என்பவர், கை கால் மரத்துப் போனது என்பவர் எல்லோருக்கும் முதுகுத்தண்டில் அடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. "எழுந்திரு, நடந்து பாரு" என்று சொல்லாதீர்கள். உட்கார வைக்காதீர்கள். தீ, தண்ணீர், வண்டி வரும் பாதை போன்ற ஆபத்து இல்லாவிட்டால் இடம் மாற்றாதீர்கள்.

3. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

4. 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. "முதுகுல அடி, காலு அசையல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கான பலகையும் கழுத்துப் பட்டையும் ஆம்புலன்ஸில் கொண்டு வருவார்கள்.

5. தூக்கியே ஆக வேண்டும் என்றால் நாலைந்து பேர் வேண்டும். தலையைப் பிடித்தவர் எண்ணிச் சொல்ல, மரக்கட்டையை உருட்டுவது போல் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். கதவுப் பலகையை அடியில் தள்ளி, அதன் மேல் கிடத்திக் கொண்டு போக வேண்டும். கையையும் காலையும் பிடித்துத் தொட்டில் போல் தூக்குவதும், ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதும் பெரும் ஆபத்து.

6. வாந்தி வந்தால் இதே முறையில் உடம்பு முழுவதையும் ஒருபக்கமாகத் திருப்புங்கள். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

7. பைகளில், இடுப்பில் உள்ள சாவி, சில்லறை, செல்போன், அரிவாள் உறை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பில் ஒரு சாவிக்கொத்து சில மணி நேரம் அழுத்தினாலே புண் வந்துவிடும்.

8. எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எட்டு மணி நேரம், 24 மணி நேரம் என்ற கணக்கெல்லாம் அடிபட்ட நேரத்திலிருந்துதான், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

காலில் பலம் வராமல் போனாலும் உயிரையும் உடம்பையும் காப்பது வீட்டார் கவனிப்புதான்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும் கூடத்தான். கணவன், மனைவி, மாமியார், பிள்ளைகள் முறை வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒருமுறை பின்புறம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புதான் படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம். வட்டமான காற்று வளையத்தை அடியில் வைக்காதீர்கள். அது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்துவிடும்.

சிறுநீர் தானாகப் போகாதவர்களுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாய் விட்டு எடுத்துவிட வேண்டும். நர்ஸ் கற்றுக் கொடுப்பார். நோயாளியே தன் கையால் செய்துகொள்ளவும் பழகலாம். தண்ணீர் குடிப்பதைப் பயந்து குறைக்காதீர்கள். சிறுநீர் கலங்கி நாற்றம் எடுத்துக் காய்ச்சலும் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலும் அப்படியே.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கே வருவார். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். சக்கர நாற்காலிக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

கணவன் மனைவி உறவு

இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. அடிபட்ட பெண்ணுக்குச் சில மாதங்கள் மாதவிலக்கு நின்றிருக்கலாம். பிறகு வரும். அவள் கருத்தரிக்கலாம், பிள்ளை பெறலாம். குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை முறை தேவைப்படும். கருத்தடை மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அசையாத காலில் இரத்தம் உறையும் ஆபத்து அதனால் கூடும்.

அடிபட்ட ஆணுக்கு உறவில் சிரமம் இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. டாக்டர் உதவியுடன் தகப்பன் ஆனவர்களும் உண்டு. "இனி இவரால ஒண்ணும் ஆகாது" என்று சுற்றத்தார் பேசுவதைக் கேட்டுக் குடும்பத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் கெட்டு இரண்டு கால்களையும் இழந்த நிலைக்கு வந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமாக இருந்தார். 1975-ல் கழுத்தில் அடிபட்ட எஸ். இராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எண்ணற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு அது இன்று வழிகாட்டுகிறது. இவர்கள் இருவரும் கால் திரும்ப வந்ததால் எழுந்தவர்கள் அல்லர்.

நினைவில் வையுங்கள்

ஸ்டீராய்டு ஊசி கால் கொடுக்கும் ஊசி அல்ல. 8 மணி நேரத்துக்குள் வந்த சிலருக்கு டாக்டர் யோசித்துப் போடலாம். பலருக்குப் போடாமலிருப்பதே நல்லது.

அந்த ஊசிக்காக நிலத்தை விற்காதீர்கள். அதற்காக ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

அசைக்காமல் தூக்குங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். சிறுநீரைக் கவனியுங்கள்.

மேலும் விவரம் வேண்டுவோர் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையோ கிராம சுகாதார செவிலியரையோ அணுகலாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தை மரம் ஏறுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள்.